நன்கொடை பட்டன் வைக்கும் முன்...

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் அனுப்பவும், பாட்டு கேட்கவும், பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்க்கவும் பழகிவிட்டீர்கள். அடுத்ததாக, "இதை வைத்து நம் ஊருக்கு ஏதாவது செய்தால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஊருக்காகப் பணம் திரட்டுவது, மெயில் அனுப்புவது போல அத்தனை எளிய வேலை அல்ல. வெப்சைட்டில் ஒரு பட்டன் வைக்க பத்து நிமிடம் போதும். அந்தப் பட்டன் வழியாக வரும் பணத்துக்குச் சட்டப்படி பதில் சொல்லத் தயாராவதற்குப் பல மாதங்கள் ஆகும். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை இங்கு பார்ப்போம்.

மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டி வரிசையாக மீனவர் குப்பங்கள் உள்ளன. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர்கள் இவை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை ஒட்டியே கடந்து போனது. அதே வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கலந்ததால், தெற்கே எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. இப்படி ஒரு இழப்பு வந்தால் முதலில் கை கொடுப்பது ஊர்க்காரர்களும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும்தான்.

இந்தக் குப்பங்களில் ஒன்றில் ஓர் இளைஞர் மன்றம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். புயலில் வலை இழந்த 40 குடும்பங்களுக்குப் புது வலை வாங்கித் தர வேண்டும். மன்றத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு வெப்சைட் தயாரித்து, அதில் தன் சொந்த பேங்க் கணக்கின் கியூஆர் கோடைப் போட்டு, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புகிறார். ஒரே வாரத்தில் 3 லட்சம் ரூபாய் சேர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சொந்தக் கணக்கில் வாங்கினால் என்ன தவறு?

சட்டத்தின் பார்வையில் அந்த 3 லட்சமும் மன்றத்தின் பணம் அல்ல. அந்தத் தம்பியின் பணம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் பெறும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். "வலை வாங்கத்தான் வந்தது" என்று அவர் பின்னால் நிரூபித்துக் கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பேங்கில் வரும். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களிடமிருந்து சேமிப்புக் கணக்கில் பணம் வந்து விழுந்தால் பேங்க் கேள்வி கேட்கும். அனுப்பியவர்களில் ஒருவருடைய பணம் சைபர் மோசடியில் கிடைத்ததாகப் புகார் எழுந்தால், கணக்கே முடக்கப்படலாம். அப்போது வலைப் பணத்தோடு தம்பியின் சம்பளமும் சேர்ந்து நின்றுவிடும்.

மூன்றாவது, ஊரில் எழும் பேச்சு. மீனவர் ஊர்களில் தலைக்கட்டு வரி வசூலித்து, ஊர்க் கூட்டத்தில் வரவு செலவு சொல்வது பழைய வழக்கம். எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படும் கணக்கு அது. ஒருவரின் மொபைல் போனுக்குள் இருக்கும் கணக்கை ஊர் எப்படிப் பார்க்கும்? நல்ல பிள்ளைக்கும் கெட்ட பெயர் வந்து சேரும்.

ஆகவே நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்: பணம் யார் பெயருக்கு வருகிறதோ, அவரே சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். முதலில் அந்தப் பெயரைத் தயார் செய்ய வேண்டும். பட்டன் அதன் பிறகுதான்.

உடனே உதவி வேண்டுமா?

அமைப்பு ஏற்படுத்தும் வரை ஆபத்து காத்திருக்காது. அவசரத்துக்குச் சில வழிகள் உள்ளன.

* முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு ஆன்லைனிலேயே பணம் செலுத்தலாம்; ரசீதும் கிடைக்கும். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு இந்தத் தொகை முழுவதற்கும் வரிக் கழிவு உண்டு. ஆனால் இது மாநிலம் முழுவதற்குமான நிதி. உங்கள் குப்பத்துக்கு மட்டும் என்று கேட்க முடியாது.

* அரசுப் பள்ளிக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால், தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல்' திட்டத்தின் தளம் வழியாக, குறிப்பிட்ட பள்ளிக்கே நன்கொடை தரலாம்.

* மருத்துவச் செலவு போன்ற தனிநபர் தேவைகளுக்கு மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் உள்ளன. அவர்கள் அடையாள ஆவணங்களைச் சரிபார்த்த பின்பே பணத்தை விடுவிப்பார்கள். தளத்தின் கட்டணம் எவ்வளவு, பணம் யார் கணக்குக்குப் போகும் என்பதை முதலிலேயே படித்துக் கொள்ளுங்கள். தனிநபருக்காகத் திரட்டும் பணத்துக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது.

* உங்கள் பகுதியில் ஏற்கனவே பதிவு பெற்று வேலை செய்யும் தொண்டு நிறுவனம் இருந்தால், அதன் பெயரிலேயே நன்கொடையைத் திரட்டி, செலவை மன்றம் கூட இருந்து கவனிக்கலாம். இதற்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியம்.

அமைப்பைப் பதிவு செய்தல்

தொடர்ந்து செயல்பட நினைத்தால் சொந்த அமைப்பு வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் அறக்கட்டளை. இரண்டு, குறைந்தது 7 பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யும் சங்கம். மூன்று, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8-வது பிரிவின்கீழ் அமையும், லாப நோக்கம் இல்லாத கம்பெனி. சிறிய ஊர் அமைப்புகளுக்கு முதல் இரண்டில் ஒன்றே போதும்.

பத்திரம் எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். "எங்கள் சாதி மக்களின் நலனுக்காக" என்றோ, ஒரு மதத்தினருக்கு மட்டும் என்றோ நோக்கத்தை எழுதினால் 80ஜி அங்கீகாரம் கிடைக்காது. பழவேற்காட்டில் பட்டினவரும் மீன் பிடிக்கிறார்கள். இருளரும் மீன் பிடிக்கிறார்கள். "மீன்பிடித் தொழிலில் உள்ள ஏழைக் குடும்பங்கள்" என்று தொழிலையும் ஏழ்மையையும் சொல்லி எழுதினால் சட்டத்துக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அமைப்புகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பத்திரத்தைப் பதிவு செய்யும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பதிவு முடிந்ததும், அமைப்பின் பெயரில் பான் கார்டு வாங்கி, பேங்க் கணக்குத் தொடங்க வேண்டும். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்கை அமைப்பது நல்லது. நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்திலும் அமைப்பைப் பதிவு செய்து எண் பெற்றுக் கொள்ளுங்கள். பின்னால் பல விண்ணப்பங்களில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

12ஏபி, 80ஜி என்றால் என்ன?

அடுத்து வருமான வரித் துறை. இங்கு இரண்டு அங்கீகாரங்கள் வேண்டும். 12ஏபி என்பது அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்குத் தருவது. 80ஜி என்பது உங்களுக்கு நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு தருவது. இரண்டுக்கும் வருமான வரித் துறையின் வெப்சைட்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். புதிய அமைப்புக்கு முதலில் 3 ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அது முடியும்வரை காத்திராமல், உரிய காலத்தில் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டால் சலுகை போய்விடும் என்பதால், கம்ப்யூட்டர் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

இந்தப் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி அமைந்தது. அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. மக்கள் வழக்கில் 80ஜி என்ற பெயரே நிற்பதால் இங்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறோம். விண்ணப்பம் நிரப்பும்போது மட்டும் தளத்தில் உள்ள எண்ணைப் பார்த்து நிரப்புங்கள்.

நன்கொடையாளர்களிடம் சொல்லும்போது மிகைப்படுத்தாதீர்கள். 80ஜி பெற்ற பொதுவான அறக்கட்டளைக்குத் தரும் தொகையில் பாதிக்குத்தான் வரிக் கழிவு. அதற்கும் வருமானத்தையொட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவே கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. "100 சதவீத வரி விலக்கு" என்று வெப்சைட்டில் எழுதி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க வேண்டாம்.

பேமண்ட் கேட்வே பெறுவது

இனிதான் பட்டன் வேலை. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ ஆகிய எல்லா வழிகளிலும் பணம் பெற, ரேசர்பே, பேயூ, சிசிஅவென்யூ போன்ற பேமண்ட் கேட்வே நிறுவனம் ஒன்றில் கணக்குத் தொடங்க வேண்டும். இவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் விதிமுறைகள் கொண்டு வந்தது; 2025 செப்டம்பரில் அவற்றைத் தொகுத்துப் புதிய உத்தரவாக வெளியிட்டது. யாருக்காகப் பணம் வசூலிக்கிறார்களோ, அவர்களைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு இந்த நிறுவனங்களுக்கு உண்டு. ஆகவே உங்களிடம் ஆவணங்கள் கேட்பார்கள். கீழ்க்கண்டவற்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் பைல்களாக ஒரே ஃபோல்டரில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்று
2. அமைப்பின் பான் கார்டு
3. அமைப்பின் பெயரில் உள்ள பேங்க் கணக்கின் ரத்து செய்த செக் அல்லது ஸ்டேட்மெண்ட்
4. 12ஏபி, 80ஜி சான்றுகள்
5. கையெழுத்திடும் உரிமை உள்ளவர்களின் பான் மற்றும் முகவரிச் சான்று
6. அவருக்கு அந்த உரிமையைத் தரும் தீர்மானத்தின் நகல்

பத்திரம், பான், பேங்க் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'டிரஸ்ட்' என்றும் மற்றொன்றில் 'அறக்கட்டளை' என்றும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும்.

உங்கள் வெப்சைட்டையும் பார்ப்பார்கள். அமைப்பைப் பற்றிய பக்கம், முழு முகவரி, தொடர்பு எண், நிபந்தனைகள், தனிப்பட்ட தகவல்களை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்ற விளக்கம், தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தரும் முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 500 ரூபாய்க்குப் பதில் 5,000 என்று டைப் செய்துவிட்ட ஒருவர் கேட்டால் எத்தனை நாளில், எப்படித் திருப்பித் தருவீர்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

கேட்வே சேவை இலவசம் அல்ல. உதாரணமாக, 2 சதவீதக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால், 1,000 ரூபாய் நன்கொடையில் 23 ரூபாய் 60 காசு பிடித்துக் கொண்டு, மீதி 976 ரூபாய் 40 காசு உங்கள் கணக்குக்கு வரும். நன்கொடையாளருக்கு 1,000 ரூபாய்க்கே ரசீது தர வேண்டும். பிடித்த தொகையைச் செலவாக எழுதிக் கொள்ள வேண்டும். இரண்டையும் குழப்பினால் ஆண்டு இறுதியில் கணக்கு நேராகாது.

கார்டு எண்களை நீங்கள் ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள். 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய பேங்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நிறுவனங்களும் தவிர வேறு யாரும் முழுக் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "கார்டு நம்பரை மெயிலில் அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று சொல்வது நன்கொடையாளருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

மாதாமாதம் 200 ரூபாய் தர விரும்புபவர்களுக்குத் தானியங்கி முறை உண்டு. முதல் முறை ஓடிபி மூலம் அனுமதி தந்துவிட்டால், அதன்பின் 15,000 ரூபாய் வரையான தொகை ஓடிபி இல்லாமலே பிடிக்கப்படும். ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன்பே அவருக்குத் தகவல் போகும்; வேண்டாம் என்றால் நிறுத்திக் கொள்ளலாம். இந்த வசதியை மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தும் வழி தெரிந்தவர்தான் தைரியமாகத் தொடங்குவார்.

பெயர் தெரியாத பணம்

கியூஆர் கோடில் ஒரு குறை உண்டு. பணம் வரும், அனுப்பியவரின் முகவரி வராது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குப் பெயர், முகவரி இல்லாமல் வரும் நன்கொடை, ஆண்டின் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். ஆகவே பணம் செலுத்தும் முன்பே பெயர், முகவரி, போன் எண், பான் எண் ஆகியவற்றைக் கேட்கும் படிவம் திரையில் வருமாறு அமைத்திடுங்கள்.

2021-22 நிதியாண்டு முதல் இன்னொரு கடமையும் சேர்ந்தது. யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியலை அடையாள எண்ணோடு, நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் வருமான வரித் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் தளமே தரும் சான்றிதழை டவுன்லோட் செய்து நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம் என்று 1961 சட்டத்தில் வைத்தார்கள். நீங்கள் தரும் சாதாரண ரசீதை வைத்து மட்டும் அவர் வரிக் கழிவு கேட்க முடியாது.

இதற்குப் பெரிய சாப்ட்வேர் தேவையில்லை. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். தேதி, பெயர், முகவரி, பான், தொகை, வந்த வழி, கேட்வே எண், ரசீது எண், எந்த வேலைக்கு என ஒன்பது பத்திகள் போட்டு, அன்றன்றைய வரவை அன்றே எழுதுங்கள். பைலுக்குப் பாஸ்வேர்ட் வையுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். மற்றவர்களின் பான் எண்ணும் முகவரியும் உங்களிடம் இருப்பது ஒரு பொறுப்பு. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, படிப்படியாக அமலாகி வருகின்றன. தேவைக்கு மேல் எதையும் கேட்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

சிங்கப்பூர் அண்ணன் அனுப்பினால்?

இந்த இடத்தில்தான் நல்ல அமைப்புகளும் தவறி விழுகின்றன. வெளிநாட்டு நன்கொடையை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எஃப்சிஆர்ஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

யார் வெளிநாட்டவர் என்பதைத் தீர்மானிப்பது அவர் வசிக்கும் ஊர் அல்ல, அவருடைய பாஸ்போர்ட். பெரியப்பா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், ஆனால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். அவரே சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ கார்டு இருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். இங்கு வந்திருக்கும்போது ரூபாயாகவே தந்தாலும் அப்படித்தான்.

பதிவு பெறுவதும் எளிதல்ல. அமைப்பு குறைந்தது 3 ஆண்டுகள் இயங்கி, அந்த 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது தன் முக்கியப் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்தின்படி, பணம் முதலில் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா முதன்மைக் கிளையின் தனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு பெற்ற ஒரு பெரிய நிறுவனம் வாங்கி உங்கள் மன்றத்துக்கு மாற்றித் தருவதையும் அதே திருத்தம் தடை செய்துவிட்டது.

ஆகவே எஃப்சிஆர்ஏ இல்லாத அமைப்புகள், கேட்வேயில் வெளிநாட்டு கார்டுகளை ஏற்கும் வசதியை மூடி வைக்க வேண்டும். பேபால் நிறுவனம் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. அதன் பட்டனை வைத்தால் வருவது வெளிநாட்டுப் பணமாகவே இருக்கும். நன்கொடைப் படிவத்தில் "நான் இந்தியக் குடிமகன்" என்று டிக் செய்யும் கட்டம் ஒன்றையும் கட்டாயமாக்குங்கள்.

மற்ற நாடுகளிலும் நன்கொடைக்கு விதிமுறைகள் உண்டு. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியது நினைவிருக்கும். டாக்டர்கள் ஜானகிராமன், சம்பந்தம் இருவரும் 10 லட்சம் டாலர் தந்து தொடங்கி வைத்தார்கள். 2017-இல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018-இல் இலக்கு நிறைவேறியது. உலகெங்கும் உள்ள தமிழர்களிடம் கேட்கும் முன், அமெரிக்காவின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற ஓர் அமைப்பை அவர்கள் ஏற்படுத்தினார்கள். பெரிய முயற்சிக்கும் முதல் படி பதிவுதான்.

தருபவர்கள் கவனிக்க

நீங்கள் நன்கொடை தருபவராக இருந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முகவரிக்கு அருகே பூட்டுச் சின்னம் இருப்பது, தகவல் பாதுகாப்பாகச் செல்கிறது என்பதை மட்டுமே காட்டும். அமைப்பு நேர்மையானது என்று காட்டாது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் அமைப்பின் பெயர்தானா என்று பாருங்கள். தனிநபர் பெயர் வந்தால் நிறுத்தி, போன் செய்து விசாரியுங்கள். அமைப்பின் 80ஜி பதிவை வருமான வரித் துறையின் தளத்தில் தேடிப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

நம் குப்பத்து மன்றத்துக்கு வருவோம். பதிவு, பான், பேங்க் கணக்கு, வரி அங்கீகாரம், கேட்வே என்று வரிசையாக எல்லாம் முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 40 குடும்பங்களுக்கு வலை வாங்கிய பில், மொத்த வரவு, கேட்வே பிடித்த கட்டணம், மீதித் தொகை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் டைப் செய்து வெப்சைட்டில் போடுங்கள். அதையே பிரிண்ட் எடுத்து ஊர்க் கூட்டத்திலும் வாசியுங்கள். அடுத்த புயலுக்கு நீங்கள் கேட்கும்போது, சென்னையில் இருப்பவரும் குப்பத்தில் இருப்பவரும் யோசிக்காமல் தருவார்கள்.